கதை ஓடவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

பெங்களூரு அல்சூரில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மொட்டைமாடி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். புதிதாக எழுத வருகிறவர்கள் கதையைக் கொண்டுவந்து வாசிப்பார்கள்; மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பேசுவோம். ஐடி வேலையில் இருப்பவர்கள், சிவாஜிநகரில் கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற டீச்சர், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். பத்து வருடமாகக் கேட்டதில் ஒன்று தெரிந்தது. கதைகள் வேறு வேறு, பழுதுகள் அதேதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைத்தால் தனியாக உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

பழுது தெரிகிற இடமும் பழுது இருக்கிற இடமும் பெரும்பாலும் வேறு வேறு. ஓட்டு வீட்டில் ஒழுகும்போது சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. தண்ணீர் எங்கேயோ இறங்கி, கட்டை வழியாக வந்து, இங்கே சொட்டும். கதையிலும் அப்படித்தான். முடிவு சரியில்லை என்று முடிவையே பத்து முறை மாற்றி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கோளாறு முதல் பக்கத்தில் இருக்கும்.

கை வைப்பதற்கு முன்

எழுதி முடித்த அன்றே திருத்தாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். அப்புறம் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அதில் மட்டும் வேலை செய்யுங்கள். பழையது பத்திரமாக இருக்கட்டும்; வெட்டியதில் ஒரு வரி பிறகு தேவைப்படும்.

பிறகு சத்தமாகப் படியுங்கள். வேறொருவரைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் நல்லது. நீங்களே படித்தால் எங்கே மூச்சு விட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், சமாளித்துவிடுவீர்கள். அடுத்தவருக்குத் தெரியாது. அவர் தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அப்போதே திருத்த வேண்டாம், கோடு போதும்.

நண்பர்களிடம் கொடுத்தால் "நல்லா இருக்கு" என்பார்கள். அன்பில் சொல்வதுதான், தப்பில்லை. நாம்தான் கேள்வியை மாற்ற வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்காமல், "எந்த இடத்துல போனை எடுத்துப் பார்த்தே?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும்.

அறிகுறி: முதல் பக்கத்திலேயே வாசகர் நின்றுவிடுகிறார்

தொடக்கத்தைப் பாருங்கள். அலாரம் அடிக்கிறதா? நாயகன் பல் தேய்க்கிறானா? சில்க் போர்டு நெரிசலில் நின்றபடி தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறானா? இந்த ஊரில் எழுதப்படும் கதைகளில் மூன்றாவது நிறைய வருகிறது. தினமும் நாம் அங்கே நிற்பதால் அது நமக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கதைக்கு அது இன்னும் வாசல்கூட இல்லை.

முதல் பத்தியை விரலால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் முதல் பத்தி வேண்டாம். இப்படியே ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு போய், "இதை எடுத்தால் கதை புரியாது" என்கிற இடம் வந்ததும் நிறுத்துங்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் அது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வெட்டியதில் அவசியமான தகவல் ஏதாவது இருந்தால், பின்னால் ஒரே வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

அறிகுறி: தமிழில் எழுதியது மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கிறது

எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காலையிலிருந்து இரவுவரை மீட்டிங்கும் மெயிலும் ஆங்கிலத்தில். இரவு பத்து மணிக்குத் தமிழில் எழுத உட்கார்ந்தால், சொற்கள் தமிழாக வரும், வாக்கியத்தின் எலும்பு ஆங்கிலமாக இருக்கும். தமிழ் தெரியாததால் வருவதில்லை இது. பகல் முழுக்க ஓடிய தடத்திலேயே மனசு ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு மாதிரி பாருங்கள்:

"அவள் ஒரு ஆழ்ந்த மூச்சை எடுத்துக்கொண்டு, தன்னுடைய கைகளால் அந்தக் கதவைத் திறந்தாள். அவளுடைய கண்கள் ஒரு வயதான மனிதரைக் கண்டன. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தார். அவரால் ஒரு புன்னகை அவளுக்குத் தரப்பட்டது."

இதைச் சரிசெய்தால்:

"மூச்சை இழுத்து விட்டுக் கதவைத் திறந்தாள். நாற்காலியில் பெரியவர் ஒருவர். இவளைப் பார்த்துச் சிரித்தார்."

25 சொற்கள் 11 ஆகிவிட்டன, ஒன்றும் தொலையவில்லை. என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். "ஒரு" நான்கு முறை வந்திருந்தது. தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எதையாவது போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எண்ணிக்கையைச் சொல்லவோ, "யாரோ ஒரு ஆள்" என்பதுபோல் அடையாளம் தெரியாததைச் சொல்லவோ மட்டும் "ஒரு" போதும். அடுத்து, "அவள்", "தன்னுடைய", "அவளுடைய". "திறந்தாள்" என்ற வினையிலேயே அவள் இருக்கிறாள். வாக்கியத்துக்கு வாக்கியம் "அவள்" போட வேண்டியதில்லை; ஆள் மாறும்போது போட்டால் போதும். கதவைக் கையால்தான் திறப்பார்கள். "தரப்பட்டது" என்ற செயப்பாட்டு வினை அலுவலகக் கடிதத்துக்கு ஆகும், ஒரு மனிதர் சிரிப்பதற்கு ஆகாது.

உங்கள் கதைக் கோப்பில் தேடல் பெட்டியைத் திறந்து "ஒரு" என்று தேடுங்கள். எத்தனை வருகிறதோ அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையில்லாததை எடுங்கள். அடுத்து "பட்டது", "பட்ட" என்று முடிபவை. அடுத்து "மூலம்", "மேற்கொண்டு", "இடம்பெற்ற". "பயணம் மேற்கொண்டான்" என்றால் போனான். "உரையாடலில் ஈடுபட்டார்கள்" என்றால் பேசினார்கள். "மௌனம் காத்தாள்" என்றால் பேசவில்லை. சின்ன வினைச்சொல்லுக்கு இருக்கிற வேகம் பெரிய சொல்லுக்கு வராது.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால், அந்தக் காட்சியை மட்டும் தனியாக எடுத்து, ஊரில் இருக்கும் அம்மாவிடமோ அத்தையிடமோ போனில் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, வாக்கியத்தின் வரிசையை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எழுத உட்காருவதற்கு முன் இருபது நிமிடம் நல்ல தமிழ் உரைநடை படிப்பதும் உதவும். தடம் மாறுவதற்கு அந்த இருபது நிமிடம் வேண்டும்.

அறிகுறி: எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்

உரையாடலில் பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லை என்றால் பழுது இருக்கிறது.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "நீங்கள் எப்போது பெங்களூரு வந்தீர்கள்?" "கடந்த மாதம்தான் வந்தேன். இந்த ஊர் எனக்குப் புதிது." வாசகருக்காகப் பேசுகிறார்கள், தங்களுக்காகப் பேசவில்லை. அதே இரண்டு பேரைத் தர்ஷினி என்கிற பெங்களூரு டிபன் கடையில், நின்று சாப்பிடும் எவர்சில்வர் மேசைக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள்.

"எப்ப வந்தீங்க?"

"போன மாசந்தான்."

"ரெண்டு காபி வேணாம். பை-டூ சொல்லிடுறேன்."

"அப்படின்னா?"

"ஒரு காபி, ரெண்டு டம்ளர்."

ஊர் புதிது என்று யாரும் சொல்லவில்லை. "அப்படின்னா?" என்ற ஒரு சொல்லில் அது வந்துவிட்டது.

இரண்டாவது காரணம், எழுதுபவர் யாருடைய தமிழையும் உன்னிப்பாகக் கேட்கவில்லை. நம் ஊரில் கேட்பதற்குப் பஞ்சமே இல்லை. மூன்று தலைமுறையாக சிவாஜிநகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருப்பவர்களின் தமிழ் ஒன்று. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் தமிழ் இன்னொன்று. கோவையிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு வந்த பொறியாளரின் தமிழ் வேறு. பழைய பெங்களூரு வீடுகளில் கன்னடச் சொல் இயல்பாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். "ஸ்வல்ப இரு" என்று ஒரு பாட்டி சொன்னால் அப்படியே எழுதுங்கள். அடைப்புக்குறி போட்டு விளக்க வேண்டாம். பாட்டி கையைக் காட்டுகிறாள், பேரன் நிற்கிறான், வாசகருக்குப் புரிந்துவிடும்.

"நீ", "நீங்க" இரண்டையும் கவனமாகக் கையாளுங்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். மேலாளரை "நீங்க" என்று சொல்லிவந்த பெண் ஒரு நாள் "நீ" என்று சொன்னால், அந்த இடத்தில் பெரிய சம்பவம் நடந்துவிட்டது. கவனக்குறைவால் இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் அந்தச் சம்பவம் காணாமல் போகும்.

ஓர் எச்சரிக்கை. வட்டார வழக்கை எழுத்துக்கு எழுத்து ஒலிபெயர்த்தால் அந்த ஊர்க்காரரே திணறுவார். நாலைந்து சொற்கள், வினைமுற்றின் ஒரு சாயல், அது போதும்.

அறிகுறி: கதையில் ஊர் இருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை

ஒரு தங்கை எழுதிய முதல் கதையில் ஆலமரம், கண்மாய், பண்ணையார் எல்லாம் இருந்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. "அந்த ஊருக்குப் போயிருக்கியாம்மா?" என்று கேட்டோம். சின்ன வயதில் இரண்டு முறை, தாத்தா வீட்டுக்கு. பிறந்தது, படித்தது எல்லாம் அல்சூர். இங்கே திருவள்ளுவர் சிலை 1991-லிருந்து 18 வருடம் திறக்கப்படாமலே மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அந்தச் சிலையைத் தாண்டித்தான் போனதாகவும், உள்ளே வள்ளுவர் எப்படி இருப்பார், நின்றுகொண்டிருப்பாரா உட்கார்ந்திருப்பாரா என்று தம்பியோடு பந்தயம் கட்டியதாகவும் பேச்சுவாக்கில் சொன்னாள். மாடியில் எல்லாரும் ஒரு நிமிடம் பேசவில்லை. அவள் அதைக் கதையாக நினைத்ததே இல்லை.

தமிழ்க் கதை என்றால் தமிழ்நாட்டுக் கிராமத்தில்தான் நடக்க வேண்டும் என்று வெளியூரில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் நம்புகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். நீங்கள் நடந்த தெருவை எழுதுங்கள். அது அரைகுறைத் தமிழ்த் தெருவாக இருந்தாலும் பரவாயில்லை.

சரிசெய்யும் முறை எளிது. கதை நடக்கும் இடத்துக்கு நேரில் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு, கேட்பது, மணப்பது, காலடியில் தட்டுப்படுவது இவற்றை மட்டும் குறியுங்கள். பத்துக் குறிப்புகளில் இரண்டை மட்டும் கதையில் வையுங்கள். பத்தையும் வைத்தால் சுற்றுலாக் கையேடாகிவிடும்.

அறிகுறி: எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, படிப்பவருக்கு வரவில்லை

கோலார் தங்கவயல்காரத் தம்பி ஒருவர் தன் அப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டுவந்தார். அங்கே சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கங்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இறங்கி வேலை பார்த்தவை. மூடியபின் பலர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். தம்பியின் கதையில் இப்படி இருந்தது: "வேலை போனதும் அப்பா சொல்லொணாத் துயரத்தில் ஆழ்ந்தார். அவர் இதயம் நொறுங்கியது. விழிகளில் கண்ணீர் பெருக்கெடுத்தது."

எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அவர் வாசிக்கும்போது குரல் உடைந்தது. அதாவது, அவருக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது, தாளில் இல்லை. "அந்த வாரம் அப்பா என்ன பண்ணினார்?" என்று டீச்சர் கேட்டார். தம்பி யோசித்தார். "காலையில சங்கு ஊதுற நேரத்துக்கு எழுந்துடுவார். சங்குதான் நின்னுபோச்சே. எழுந்து, சட்டை போட்டு, வாசல்ல உட்கார்ந்திருப்பார். அம்மா டிபன் கேரியரைக் கழுவி, மூடி திறந்தபடியே கவுத்து வச்சிருப்பாங்க. ஒரு வாரம் அது அப்படியே கிடந்தது. யாரும் எடுத்து உள்ள வைக்கல."

அந்த டிபன் கேரியரை எழுதச் சொன்னோம். அடுத்த மாதம் எழுதிக்கொண்டுவந்தார். துயரம், இதயம், கண்ணீர் மூன்று சொற்களும் அதில் இல்லை. கடைக்காரர் எழுந்து போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உங்கள் கதையில் சோகம், வேதனை, தவிப்பு, பரவசம், இதயம், உள்ளம் போன்ற சொற்களை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கேள்வி: அந்த நேரத்தில் அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது? எந்தப் பொருள் பக்கத்தில் இருந்தது? பதில் வந்தால் சொல்லை எடுத்துவிட்டு அதை வையுங்கள். பதில் வரவில்லை என்றால், அந்தத் தருணத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள்.

அறிகுறி: நடுவில் தொய்கிறது

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இந்தக் காட்சி தொடங்கும்போது இருந்த நிலையில் முடியும்போது என்ன மாறியது? எதுவும் மாறவில்லை என்றால் காட்சி வேண்டாம், அல்லது இரண்டு காட்சிகளைச் சேர்த்து ஒன்றாக்கலாம். பிளாஷ்பேக் மேல் பிளாஷ்பேக் வந்திருந்தால் நேர்வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பாதிக் கதைகளுக்கு நேர்வரிசையே நன்றாக இருக்கிறது.

அறிகுறி: முடிவு ஒட்டவில்லை

கடைசிப் பத்தியை வெட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள். பல சமயம் அங்கேயே சரியாகிவிடும், ஏனென்றால் அந்தப் பத்தியில் நாம் கதையை விளக்கிக்கொண்டிருப்போம்.

சரியாகவில்லையா? அப்படியானால் முதல் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கும்: வேலை, மன்னிப்பு, வாடகைக்கு ஒரு வீடு, எதுவானாலும். முடிவு அந்தக் கேள்விக்கான பதிலா, வேறு கேள்விக்கான பதிலா? வீடு தேடி அலைந்தவன் கதை காதலியின் மரணத்தில் முடிந்தால், முடிவு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் ஒட்டாது. முடிவுதான் பிடித்திருக்கிறது என்றால் தொடக்கத்தை மாற்றுங்கள். சாவு, கனவு, தற்கொலை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கதை முடிந்தால் இன்னொரு முறை யோசியுங்கள். கதையை முடிக்கத் தெரியாதபோது கை அங்கேதான் போகும்.

அறிகுறி: பாதியில் நின்றுபோன கதைகள் மட்டும் சேர்கின்றன

பெரும்பாலும் நேரக் குறைவு காரணமில்லை. திருத்திக்கொண்டே எழுதுவதுதான் காரணம். முதல் பத்தியை நாற்பது முறை மெருகேற்றியவருக்கு இரண்டாம் பத்தி எழுதத் தெம்பிருக்காது. முதல் வரைவு முடியும்வரை பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். பெயர் மறந்துவிட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக்வரை மெட்ரோவில் வருகிற ஒரு பெண், போகும்போது ஒரு பத்தி, வரும்போது ஒரு பத்தி என்று போனிலேயே எழுதி இரண்டு மாதத்தில் கதையை முடித்தார். இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்த நாட்களில் வாயால் சொல்லிப் பதிவு செய்தாராம்.

அறிகுறி: ஒற்றுப் பிழை, எழுத்துப் பிழை

இதை எப்போதும் கடைசியில் செய்யுங்கள். வெட்டப்போகிற பத்திக்கு ஒற்றுத் திருத்துவது வீண் வேலை. ஆனால் செய்யாமல் அனுப்பாதீர்கள். ஒரு புள்ளி எழுத்து பொருளையே மாற்றும்: "கீரைக்கடை" என்றால் கீரை விற்கும் கடை, "கீரை கடை" என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிறீர்கள்.

எல்லா விதியும் ஒரே நாளில் வேண்டாம். நாலைந்து தெரிந்தால் பாதிப் பிழை போய்விடும். "ஐ", "கு" உருபுக்குப் பின் வலி மிகும், அதாவது க், ச், த், ப் கூடுதலாக வரும்: கதையைப் படித்தான், கடைக்குப் போனான். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி இவற்றுக்குப் பின்னும் மிகும்: அந்தப் பெண், எப்படிச் சொல்வது. பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வந்த பையன், படித்த கதை. "படித்து", "கேட்டு" போல வல்லின ஒற்று உள்ள வினையெச்சத்துக்குப் பின் மிகும், "வந்து", "செய்து" போன்றவற்றுக்குப் பின் மிகாது: படித்துப் பார், செய்து பார். எண்களில் எட்டுக்கும் பத்துக்கும் பின் மிகும்: எட்டுப் பேர், பத்துப் பேர். ஆனால் ஏழு பேர்.

அரை, அறை, மனம், மணம், வலி, வழி இவற்றைக் கணினி பிழையென்று காட்டாது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். கண்ணால்தான் பார்க்க வேண்டும். கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வாக்கியமாக முன்னோக்கி வந்தால் கதை இழுத்துக்கொண்டு போகாது, பிழை கண்ணில் படும்.

அறிகுறி: இதழுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை

முதலில் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கதை வெறும் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் திறக்கும். யூனிகோடில் அடியுங்கள், அல்லது எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு, ஒரு முறை முழுக்கப் படித்துச் சரிபாருங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு. நிறைய எழுதப்போகிறீர்கள் என்றால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். கை பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆங்கில எழுத்தில் ஒலி தேடி அடிக்கும் வேலை அதோடு போய்விடும்.

அப்புறம், அந்த இதழின் இரண்டு மூன்று இதழ்களையாவது முழுக்கப் படித்தீர்களா? இரண்டு பக்கக் கதை போடும் வார இதழுக்குப் பன்னிரண்டு பக்கக் கதையை அனுப்பினால் கதையின் தரம் பற்றிய கேள்வியே எழாது. ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு இடத்தில் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களுக்கும் மனக்கசப்பு. மெயிலில் கதைச் சுருக்கமோ, கதை எழுதப்பட்ட சூழல் பற்றிய விளக்கமோ வேண்டாம். வணக்கம், கதையின் பெயர், இது வேறெங்கும் வெளியாகவில்லை என்ற உறுதி, உங்கள் பெயர், முகவரி, போன் எண். மூன்று மாதம் பொறுத்து, மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், வேறிடத்துக்கு அனுப்பப்போவதாக ஒரு வரி எழுதிவிட்டு, கதையை இன்னொரு முறை சத்தமாகப் படித்து, பென்சில் கோடு விழுந்த இடங்களைத் திருத்தி அனுப்புங்கள்.